கல்யாண வீடியோவுக்குக் கேமராவை அமைப்பது: அந்தி ஊர்வலம் முதல் உச்சிவெயில் வரை

தமிழ்நாட்டில் ஒரு கல்யாணத்தை முதல் நாள் மாலையிலிருந்து வீடியோ எடுப்பவர், மறுநாள் மதியத்துக்குள் ஏறக்குறைய எல்லா வகை வெளிச்சத்தையும் பார்த்துவிடுகிறார். மாப்பிள்ளை அழைப்பின்போது நிமிடத்துக்கு நிமிடம் மங்கும் அந்திவெளிச்சம், வரவேற்பு மேடையின் எல்இடி திரை, விடியற்காலையில் மஞ்சள் விளக்கும் ஜன்னலின் நீல ஒளியும் கலந்து கிடக்கும் மண்டபம், ஹோமப் புகை, கடைசியில் மண்டப வாசலில் கண்ணைக் கூசவைக்கும் வெயில் என்று எதுவும் பாக்கியிருக்காது. வெளிச்சத்துக்கு ஏற்ப அமைப்புகளை மாற்றிப் பழக இதைவிட நல்ல களம் கிடைப்பது அரிது என்பதால், இந்த வழிகாட்டி ஒரு கல்யாணத்தின் போக்கிலேயே செல்கிறது. லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் அல்லது டிஎஸ்எல்ஆர் கேமரா வைத்திருப்பவரை மனத்தில் கொண்டே எழுதியிருக்கிறேன். கைப்பேசியில் எடுப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். பெரும்பாலான கைப்பேசிகளில் அப்பர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளையை) மாற்ற முடியாது என்றாலும், பிளாக்மேஜிக் கேமரா போன்ற இலவசச் செயலிகளில் ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளியுணர்வின் அளவு), ஒயிட் பேலன்ஸ் (விளக்கின் நிறத்துக்கு ஏற்ற நிறச் சமன்) மூன்றையும் நாமே வைத்துப் பூட்டிக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் ஆட்டோவிலேயே விட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கேமராவின் ஒளிமானி, தன் முன்னால் இருப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரவே முயலும். வெள்ளை வேட்டி சட்டையில் நாலு பேர் நின்றால் காட்சி அதிக வெளிச்சமாக இருக்கிறது என்று கணக்கிட்டு இருட்டாக்கும். வேட்டி சாம்பலாகும், மாநிற முகங்கள் கறுத்துப்போகும். அதே நேரத்தில் கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் குறுக்கே நடந்தால் மொத்தக் காட்சியையும் வெளுக்க வைக்கும். புகைப்படத்தில் இது ஒரு படத்தின் பிழையோடு முடிந்துவிடும். வீடியோவிலோ வெளிச்சம் ஏறி இறங்குவதே திரையில் தெரியும், அதை எடிட்டிங்கில் சரிசெய்வதும் பெரும்பாடு. எனவே கேமராவை மேனுவல் முறைக்கு மாற்றிவிட்டு, எதை முதலில் முடிவு செய்வது, எதைக் கடைசியில் தொடுவது என்ற வரிசையைக் கற்றுக்கொள்வதுதான் முதல் வேலை. ஷட்டரை நிலையாக வைக்க வேண்டும். ஒயிட் பேலன்ஸை இடத்துக்கு ஒரு முறை வைக்க வேண்டும். அப்பர்ச்சரைக் காட்சியின் தேவைக்கு வைக்க வேண்டும். மிச்சக் குறையை ஐஎஸ்ஓ ஈடுகட்டும், மிச்ச வெளிச்சத்தை, லென்ஸின் முன்னால் மாட்டும் என்டி ஃபில்டர் என்ற கறுப்புக் கண்ணாடி தடுக்கும். பின்வருபவை எல்லாம் இந்த வரிசையின் விரிவுகளே.

வீட்டிலேயே செய்துவிட வேண்டியவை

மெனுவில் பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்று இரண்டு வீடியோ முறைகள் இருக்கும். இந்தியாவில் பால் முறையைத் தேர்ந்தெடுங்கள். அப்போது வினாடிக்கு 25 அல்லது 50 ஃபிரேம் (தனித்தனிப் படம்) என்ற தேர்வுகள் கிடைக்கும். சில கேமராக்கள் இதை மாற்றும்போது மெமரி கார்டை ஃபார்மட் செய்யச் சொல்லும் என்பதால், மண்டபத்தில் பாதி எடுத்த பிறகு இந்த மெனுவுக்குள் போகக் கூடாது.

பால் முறையை வலியுறுத்தக் காரணம் நம் மின்சாரம். இங்கே மின்விநியோகம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பழைய ட்யூப் லைட்டுகளும் மலிவான எல்இடி விளக்குகளும் வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. நம் கண்ணுக்கு அது தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் 1/50 (வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு) என்று இருந்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்குள்ளும் சரியாக இரண்டு துடிப்புகள் விழும். 1/100 என்றால் ஒன்று விழும். எனவே எல்லா ஃபிரேம்களும் ஒரே அளவு வெளிச்சம் பெறும். 1/60 என்று வைத்தால் ஒன்றே முக்கால் துடிப்பு போல அரைகுறையாக விழுந்து, ஒரு ஃபிரேம் பிரகாசமாகவும் அடுத்தது மங்கலாகவும் பதிவாகும், அல்லது திரையில் பட்டை பட்டையாக நிழல் ஊரும். வெளிநாட்டு யூடியூப் பாடங்களைப் பார்த்து 30 ஃபிரேம், 1/60 என்று வைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போகிறவர்களின் காட்சிகள் மினுக்குவது பெரும்பாலும் இதனால்தான். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அந்தப் பாடங்கள் அங்கே சரி, இங்கே சரிவராது.

ஃபிரேம் ரேட்டைப் போல இரண்டு மடங்கு ஷட்டர் வேகம் இருந்தால் அசைவு கண்ணுக்கு இயல்பாகத் தெரியும் என்பது சினிமாக் காலத்திலிருந்து வரும் வழக்கம். 25 ஃபிரேமுக்கு 1/50 வைத்தால் இந்த வழக்கமும் நம் மின்சாரக் கணக்கும் ஒன்றாகப் பொருந்திவிடுகின்றன. ஸ்லோ மோஷனுக்காக 50 ஃபிரேமில் எடுக்கும்போது 1/100 வையுங்கள். இந்த இரண்டு எண்களைத் தவிர மூன்றாவது ஒன்று தொடக்கத்தில் தேவைப்படாது.

லாக் எனப்படும் வெளிறிய பதிவுமுறையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரகாசமான இடங்களிலும் நிழல்களிலும் அதிக விவரத்தைக் காக்கும் முறை அது. ஆனால் ஒழுங்காக எக்ஸ்போஸ் செய்து, பிறகு கிரேடிங் (எடிட்டிங்கில் நிறத்தைச் சரிப்படுத்துதல்) செய்யத் தெரிந்தவருக்கே பயன்படும். உங்கள் கேமரா 8 பிட்டில் (நிறப்படிகள் குறைவாக) மட்டும் பதிவு செய்யுமானால் லாக் பக்கம் போகவே வேண்டாம். வானமும் சுவரும் படிக்கட்டு போல நிறம் பிரிந்து தெரியும். தொடக்கத்தில் சாதாரண நிறமுறையை வைத்து, கான்ட்ராஸ்டை இரண்டு படி குறைத்துக்கொண்டாலே போதும்.

முகத்தை வைத்து அளப்பது

எக்ஸ்போஷர், அதாவது பதிவாகும் வெளிச்சத்தின் அளவு, சரியா என்பதைக் கேமராவின் சிறிய திரையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இருட்டு மண்டபத்தில் அந்தத் திரை பளிச்சென்று தெரியும், வெயிலில் மங்கிக் கிடக்கும், இரண்டுமே பொய். ஸீப்ரா என்ற வசதியை இயக்கினால், குறிப்பிட்ட அளவுக்கு மேல் வெளிச்சம் விழும் இடங்களில் திரையில் கோடுகள் ஓடும். பெரும்பாலான பாடங்கள் இதை 70 சதவீதத்தில் வைத்து, முகத்தில் கோடு தெரியும் வரை வெளிச்சத்தைக் கூட்டச் சொல்லும். அது வெளுத்த தோலுக்கான கணக்கு. நம் மாநிற முகங்களை அந்த அளவுக்கு ஏற்றினால் சுண்ணாம்பு பூசியது போலாகிவிடும். நெற்றியிலும் கன்னத்திலும் ஒளி படும் பகுதி மாநிறத்துக்கு 55 முதல் 60 வரையிலும், நல்ல கருமையான முகத்துக்கு 45 முதல் 50 வரையிலும் இருந்தால் நிறம் உள்ளபடி இருக்கும் என்பது என் அனுபவம். மணமக்கள் முகம் வெளுப்பாகத் தெரிய வேண்டும் என்று வீட்டார் கேட்பார்கள். கேமராவில் அதற்கு இடம் கொடுத்துவிட்டால் பட்டுச் சேலையின் ஜரிகையும் மாலையின் மல்லிகையும் விவரமே இல்லாத வெள்ளைத் திட்டாகிவிடும், எந்த எடிட்டராலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஆகவே முகத்தைப் பார்த்து வெளிச்சத்தை வைத்த பிறகு, ஸீப்ராவை 100க்கு மாற்றி வேட்டியையும் ஜரிகையையும் ஒரு முறை பாருங்கள். ஜரிகையில் ஊசிமுனை போலச் சில மின்னல்கள் கோடு காட்டினால் பரவாயில்லை. வேட்டி முழுவதும் கோடு ஓடினால் மூன்றில் ஒரு ஸ்டாப் அல்லது மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரண்டு மடங்காவது அல்லது பாதியாவது).

மாப்பிள்ளை அழைப்பு

சென்னை, மதுரை போன்ற ஊர்களில் சூரியன் மறைந்து 20, 25 நிமிடங்களில் நன்றாக இருட்டிவிடும். ஊர்வலம் கோயிலிலிருந்து கிளம்பும்போது எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400 என்று தொடங்குங்கள் (எஃப் என்பது அப்பர்ச்சரின் எண்; எண் குறைந்தால் துளை பெரிதாகும்). வெளிச்சம் குறையக் குறைய முதலில் அப்பர்ச்சரை எஃப் 2.8 வரை திறந்து, அதற்கு மேல் ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள். இந்த மாற்றங்களை ஒரு ஷாட்டுக்கும் இன்னொன்றுக்கும் இடையில்தான் செய்ய வேண்டும்; பதிவு ஓடும்போது டயலைத் திருகினால் ஒவ்வொரு படியும் திரையில் வெட்டித் தெரியும்.

ஒயிட் பேலன்ஸை 4500 கெல்வினில் நிறுத்திவிடுங்கள் (கெல்வின் ஒளியின் நிறத்தைச் சொல்லும் அலகு; எண் குறைந்தால் ஒளி மஞ்சள், கூடினால் நீலம்). வானம் நீலமாகவும் சீரியல் விளக்குகள் பொன்னிறமாகவும் இருக்கும். அந்தி அப்படித்தான் இருக்க வேண்டும். ஆட்டோவில் விட்டால் கேமரா அந்த இரண்டையும் சமன் செய்யப் பார்த்து, ஒரு தெருவிலேயே நிறம் மூன்று முறை மாறும். ஊர்வலத்தோடு வரும் விளக்குகள் ஜெனரேட்டரில் ஓடுபவை என்றால், அதன் அதிர்வெண் 50ஐ விட்டுச் சற்று விலகலாம் என்பதால் 1/50 வைத்தும் லேசான பட்டை ஊர்வதைக் காணலாம். கேமரா பழுதாகிவிட்டதோ என்று பதற வேண்டாம். விளக்குக்கு அருகில் போகாமல் சற்று அகலமான ஷாட்டாக எடுத்தால் அது உறுத்தாது.

கிட் லென்ஸ் எனப்படும் 18-55 வைத்திருப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அகலத்தில் எஃப் 3.5 தரும் அந்த லென்ஸ், முழுதாக ஜூம் செய்தால் எஃப் 5.6க்கு இறங்கிவிடும். மாப்பிள்ளை முகத்துக்கு ஜூம் செய்யும் அதே கணத்தில் காட்சி ஒரு ஸ்டாப்புக்கு மேல் இருண்டுபோகும். எனவே இருட்டில் ஜூம் செய்வதை விட்டுவிட்டு, அகல நிலையிலேயே வைத்து ஆளை நெருங்கி நடங்கள். கையில் ஒரு 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் இருந்தால் இந்தச் சிரமத்தில் பாதி குறையும்.

வரவேற்பு மேடை

மேடையில் மணமக்களுக்குப் பின்னால் எல்இடி திரை இருந்தால், அன்றைய சிரமம் அதுதான். திரை பிரகாசமாக இருப்பதால் முகம் இருட்டாகத் தெரியும். முகத்துக்கு வெளிச்சம் வைத்தால் திரை வெளுத்துப்போகும். இதைக் கேமராவில் தீர்க்க முயல்வதற்கு முன், திரையை இயக்குபவரிடம் போய், "அண்ணா, பிரைட்னஸைக் கொஞ்சம் குறைச்சு வைங்க" என்று கேளுங்கள். திரைகள் பகல் வெயிலிலும் தெரியும்படி செய்யப்பட்டவை. மண்டபத்துக்குள் அவற்றின் முழு வெளிச்சம் தேவையே இல்லை, விருந்தினர் கண்ணுக்கும் அது இதமாக இருக்காது. விருந்தினர் வரத் தொடங்கும் முன்பே போய்க் கேட்டால் பெரும்பாலும் செய்துகொடுப்பார்கள்.

அடுத்தது, திரையில் ஓடும் பட்டைகளும் நெளியும் கோடுகளும். பட்டைகள், திரை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேகமும் ஷட்டரும் ஒத்துப்போகாததால் வருபவை. புதிய கேமராக்கள் சிலவற்றில் ஷட்டரை 1/50.3, 1/51 என்று நுணுக்கமாக நகர்த்தும் வசதி உண்டு. சோனி இதை வேரியபிள் ஷட்டர் என்றும் பானசோனிக் சிங்க்ரோ ஸ்கேன் என்றும் அழைக்கின்றன. திரையைப் பார்த்தபடி மெல்ல நகர்த்தினால் பட்டைகள் ஓரிடத்தில் அடங்கும். நெளியும் கோடுகள் வேறு வகை. திரையின் புள்ளிகளும் கேமரா சென்ஸாரின் புள்ளிகளும் மோதுவதால் வருபவை என்பதால், திரை ஃபோகஸில் இல்லாமல் இருந்தாலே மறைந்துவிடும். மணமக்களைத் திரையிலிருந்து இரண்டு அடி முன்னால் நிற்கச் சொல்லி, அப்பர்ச்சரை எஃப் 2.8 வையுங்கள்.

எஃப் 1.8 வரை திறக்கலாமே என்ற ஆசை வரும். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்ஸார் உள்ள) கேமராவில் 50 எம்எம் லென்ஸை எஃப் 1.8இல் வைத்து ஒன்றரை மீட்டர் தூரத்தில் எடுத்தால், முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் ஆழம்தான் ஃபோகஸில் இருக்கும். மணமகள் தெளிவாக இருப்பார், அரையடி பின்னால் நிற்கும் மணமகன் மங்கிவிடுவார். ஒருவரை மட்டும் எடுக்கும்போது 1.8, இருவர் என்றால் 2.8, குடும்பத்தோடு நிற்கும்போது 4 என்று வைத்துக்கொண்டு, ஐஎஸ்ஓவைக் கூட்டத் தயங்காதீர்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 6400 வரையிலும் அதைவிடச் சிறிய சென்ஸார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவில் 3200 வரையிலும் பெரும்பாலும் தாங்கும். குறைந்த ஐஎஸ்ஓவில் இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் ஏற்றினால் வரும் புள்ளிகள், சரியான ஐஎஸ்ஓவில் எடுத்தால் வருவதைவிட அசிங்கமாக இருக்கும்.

முகூர்த்தம்

விடியற்காலை ஐந்து, ஆறு மணி முகூர்த்தங்களில்தான் நிறம் கைமீறிப்போகிறது. மணவறைக்கு மேலே மஞ்சள் ஃபோகஸ் லைட் 3200 கெல்வினில் எரியும். மண்டபக் கூரையில் வெள்ளை ட்யூப் லைட் 6000க்கு மேல் இருக்கும். விடியும்போது பக்கத்து ஜன்னல் வழியே அதைவிடவும் நீலமான ஒளி இறங்கும். எந்த எண்ணை வைத்தாலும் ஏதோ ஒன்று தவறாகவே தெரியும். கேமராவில் இதற்குத் தீர்வு கிடையாது. மணவறைக்கு நேர் மேலே உள்ள ட்யூப் லைட்டுகளை மட்டும் அணைக்கச் சொல்லுங்கள், முடிந்தால் பக்கத்து ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள். அதன்பின் முகத்தில் விழும் முதன்மையான விளக்கு எதுவோ அதற்கு ஒயிட் பேலன்ஸை வைத்தால் மற்றவை பின்னணியாக ஒதுங்கிவிடும். உங்கள் வீடியோ லைட்டில் நிறத்தை மாற்றும் வசதி இருந்தால் அதையும் மேடை விளக்கின் நிறத்துக்கே கொண்டுவந்துவிடுங்கள்.

கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் எடுக்கும்போது, கைக்கு எட்டியது என்று யாராவது ஒருவரின் வேட்டியைப் பார்த்து எடுக்காதீர்கள். நீலம் போட்டு வெளுத்த வேட்டி கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்தாலும் அதில் நீலம் கலந்திருக்கிறது; கேமரா அதை ஈடுசெய்யப் போய் முகங்களை மஞ்சளாக்கும். சாம்பல் அட்டை ஒன்று சில நூறு ரூபாய்தான். அதை மணமக்கள் உட்காரும் மனையில் வைத்து, அவர்கள் வருவதற்கு முன்பே எடுத்துவிடலாம்.

குத்துவிளக்குச் சுடர் ஏறக்குறைய 1900 கெல்வின். அதை வெள்ளையாக்க வேண்டும் என்று ஒயிட் பேலன்ஸை அந்த அளவுக்கு இறக்காதீர்கள், சுற்றியிருக்கும் எல்லாம் நீலமாகிவிடும். 3200இல் விட்டால் சுடர் பொன்னிறமாக நிற்கும். ஹோமத் தீயை நெருக்கத்தில் எடுக்கும்போது மட்டும் ஐஎஸ்ஓவை ஒரு ஸ்டாப் குறைத்தால், வெள்ளைக் குழம்பாகத் தெரியும் நெருப்பில் நாக்குகள் பிரிந்து தெரியும். புகை எழும்போது காட்சி வெளிறும். அதைப் பார்த்து எக்ஸ்போஷரைக் குறைக்காமல், புகைக்குப் பின்னால் ஜன்னலோ விளக்கோ இல்லாத பக்கத்துக்கு நகர்ந்துகொள்ளுங்கள். பின்னாலிருந்து ஒளி பட்டால்தான் புகை அப்படிப் பளபளத்து முகத்தை மறைக்கிறது.

கெட்டிமேளம் தொடங்கிவிட்டால் எந்த டயலையும் தொடக் கூடாது. தாலி கட்டும் அந்தச் சில வினாடிகளில் அட்சதை பறக்கும், கைகள் குறுக்கே நீளும், சுற்றி நிற்பவர்களின் கைப்பேசி விளக்குகள் எரியும். ஆட்டோ ஃபோகஸ் இந்த அமளியில் யாருடைய முழங்கையையாவது பிடித்துக்கொள்ளும். எனவே அதற்கு ஒரு நிமிடம் முன்பே மணமகளின் முகத்தில் ஃபோகஸை வைத்துப் பூட்டி, அப்பர்ச்சரை எஃப் 4க்குக் குறைத்து, ஐஎஸ்ஓவை ஒரு ஸ்டாப் ஏற்றிக் காத்திருங்கள். புகைப்படக்காரரின் ஃபிளாஷ் அந்த நேரத்தில் உங்கள் ஃபிரேமில் பாதியை மட்டும் வெளுக்கச் செய்யும். சென்ஸார் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால் வருவது இது, கேமராவில் இதைத் தடுக்க வழியில்லை. முந்தின நாளே அவரிடம் பேசி, மேடையில் போதிய வெளிச்சம் இருப்பதால் தாலி கட்டும்போது ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க முடியுமா என்று கேட்கலாம். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால், வெளுத்த அந்த ஒன்றிரண்டு ஃபிரேம்களை எடிட்டிங்கில் நீக்கிவிட்டு முந்தைய ஃபிரேமை நீட்டிக்கொள்வதுதான் வழி.

வெயிலில்

பந்தி முடிந்து மணமக்களை வெளியே அழைத்து வருவதற்குள் வெயில் உச்சிக்கு வந்திருக்கும். நேர் வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100 என்றால் எஃப் 16 வைக்க வேண்டும் என்பது பழைய ஃபிலிம் காலக் கணக்கு. நம் ஷட்டர் 1/50 என்பதால் அது எஃப் 22 ஆகிறது. அவ்வளவு சிறிய துளையில் லென்ஸின் கூர்மையும் போய்விடும், பின்னணியில் நிற்கும் மோட்டார் சைக்கிளும் குப்பைத் தொட்டியும் முகத்தைப் போலவே தெளிவாகத் தெரியும். எஃப் 2.8க்கு வர வேண்டுமானால் ஆறு ஸ்டாப் வெளிச்சத்தை வெளியிலேயே தடுத்தாக வேண்டும். கேமராவுக்குக் கூலிங் கிளாஸ் போடுவது போன்ற இந்த வேலையைத்தான் என்டி ஃபில்டர் செய்கிறது. ஆறு ஸ்டாப்புக்கு உரியது என்டி 64. ஃபில்டர் இல்லை என்பதற்காக ஷட்டரை 1/3200க்கு ஏற்றினால் வெளிச்சம் சரியாகும், ஆனால் நடையும் கையசைவும் வெட்டி வெட்டித் தெரியும்.

திருகித் திருகி அடர்த்தியை மாற்றும் வேரியபிள் என்டி வசதியானது, ஆனால் அதன் உச்ச அளவுக்குத் திருகினால் காட்சியின் குறுக்கே இருண்ட பெருக்கல் குறி போன்ற நிழல் விழும். அகல லென்ஸில் அது இன்னும் சீக்கிரம் வரும். இரண்டு முதல் ஐந்து ஸ்டாப் வரை மட்டும் திரும்பும்படி நிறுத்தம் வைத்த ஃபில்டரை வாங்கினால் இந்தத் தொல்லை குறைவு. ஐந்துக்கு மேல் தேவைப்பட்டால் அப்பர்ச்சரை எஃப் 4க்குக் கொண்டுபோங்கள்.

ஃபில்டர் வெளிச்சத்தின் அளவைத்தான் குறைக்கும், அதன் திசையை மாற்றாது. தலைக்கு மேலே நிற்கும் சூரியன் கண்குழிகளில் கறுப்பாக நிழல் விடும். அதை எந்த அமைப்பும் போக்காது. மணமக்களை வேப்பமர நிழலுக்கோ மண்டபத்தின் போர்ட்டிகோவுக்கோ அழைத்துச் செல்லுங்கள். நிழலில் ஒளி நீலம் கூடியிருப்பதால் ஒயிட் பேலன்ஸை 5600இலிருந்து 7000க்கு ஏற்றுங்கள். மரத்தடியில் இலைகளின் பச்சை முகத்தில் படியும். ஒயிட் பேலன்ஸ் மெனுவின் நுண்சரிசெய்தலில் மெஜந்தா பக்கம் ஒன்றிரண்டு படி நகர்த்தினால் அது அடங்கும்.

மண்டபத்துக்குள்ளிருந்து மணமக்கள் வாசல் வழியே வெயிலுக்கு நடந்து வரும் ஷாட்டை எல்லோரும் கேட்பார்கள். ஏழெட்டு ஸ்டாப் வித்தியாசத்தைச் சில வினாடிகளில் கடக்கும் இந்த ஒரு ஷாட்டுக்கு மட்டும் ஆட்டோவின் உதவியை நாடலாம். ஷட்டரை 1/50இலும் அப்பர்ச்சரை எஃப் 4இலும் வைத்து, ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விட்டு, அதன் மேல் எல்லையை 3200 என்று கட்டுங்கள். ஒயிட் பேலன்ஸ் 5000இல் பூட்டியே இருக்கட்டும். உள்ளே சற்று மஞ்சளாகவும் வெளியே சற்று நீலமாகவும் வருவது பார்ப்பவருக்கு இயல்பாகவே தோன்றும். வேரியபிள் என்டியை மூன்று ஸ்டாப்பில் வைத்துத் தொடங்கி, அவர்கள் வாசற்படியைத் தாண்டும்போது இடது கையால் ஒரே சீராக ஐந்து வரை திருகுங்கள். முன்கூட்டியே உறவினர் ஒருவரை அதே வழியில் நடக்கச் சொல்லி இரண்டு முறை ஒத்திகை பார்த்துவிட்டு, பிறகு மணமக்களை அழையுங்கள்.